ஐந்து ஆட்டங்களுக்கு நன்றி: ஸ்ரீலங்கா கிரிக்கெட்டுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2025 டிசெம்பரில் எங்கள் பெண்கள் அணி இந்தியாவுக்குப் போய் ஆடிய ரி20 (இருபது ஓவர்) ஆட்டங்கள் ஐந்தையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஐந்திலும் தோற்றோம். அதற்காகத் திட்டி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஐந்து ஆட்டங்களுக்கு நன்றி சொல்லவும், அப்படியான தொடர்கள் இன்னும் வேண்டும் என்று கேட்கவும்தான் இந்த மடல்.

டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டு மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. ஊர்ப் பக்கம் வெள்ளம் வடிந்ததா, உறவுகள் எப்படி என்று விசாரித்துக்கொண்டே போன பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள். எதிரில் நின்றதோ நவம்பரில்தான் உலகக் கிண்ணத்தை வென்ற அணி. விசாகப்பட்டினத்தில் இரண்டு ஆட்டம், திருவனந்தபுரத்தில் மூன்று. டிசெம்பர் 21 தொடங்கி 30ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

முதல் மூன்று ஆட்டங்களிலும் நாங்கள் 130 ஓட்டங்களைத் தொடவில்லை. முதலாவதில் 121, மூன்றாவதில் 112. மூன்று ஆட்டத் தொடராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் இன்னும் இரண்டு ஆட்டம் இருந்தது. நான்காவது ஆட்டத்தில் ஸ்மிருதி மந்தனாவும் ஷஃபாலி வர்மாவும் முதல் விக்கெட்டுக்கு 162 ஓட்டங்கள் சேர்த்து, இந்தியா 221க்குப் போனது. பதிலுக்கு எங்கள் பிள்ளைகள் 191 எடுத்தார்கள். ரி20யில் இலங்கைப் பெண்கள் அணி அதுவரை எடுத்ததில் ஆகக்கூடிய ஓட்டம் அதுதான். கடைசி ஆட்டத்தில் தலைவி சமரி அத்தபத்து வந்த வேகத்திலேயே ஆட்டமிழந்தார். முன்பென்றால் அந்த இடத்தில் நான் தொலைக்காட்சியை நிறுத்தியிருப்பேன். அன்று ஹாசினி பெரேரா 65 ஓட்டங்களும் இமேஷா துலானி 50 ஓட்டங்களும் எடுத்தார்கள். 15 ஓட்டங்களால்தான் தோற்றோம்.

பத்தே நாளில் இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது? அதே பந்துவீச்சாளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்ததால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வலைப்பயிற்சியில் எத்தனை மணித்தியாலம் நின்றாலும், இந்தியச் சுழல் பந்துவீச்சாளர் தீப்தி சர்மாவின் பந்து கையிலிருந்து எப்படி வருகிறது என்பதை எதிரில் நின்று பார்த்தால்தான் பழகும்.

சமரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டெம்பரில் இங்கிலாந்து மண்ணில் ரி20 தொடரை 2-1 என்று வென்றோம். மழை பெய்த ஹோவ் ஆட்டத்தில் தோற்று, செம்ஸ்ஃபோர்டில் 104க்கும் டெர்பியில் 116க்கும் இங்கிலாந்தைச் சுருட்டினோம். செம்ஸ்ஃபோர்டில் சமரி 55 ஓட்டங்கள். டெர்பியில் 44 ஓட்டங்களோடு மூன்று விக்கெட்டும் அவர்தான். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் பொட்செஃப்ஸ்ட்ரூமில் ஒருநாள் ஆட்டத்தில் 302 என்ற இலக்கைத் துரத்தியபோது ஆட்டமிழக்காமல் 195 எடுத்தவரும் அவர்தான். அதே வருடம் ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கினோம். அன்று ஹர்ஷிதா சமரவிக்ரம கடைசிவரை நின்றதை மறக்க மாட்டேன். இருந்தாலும், சமரி அடித்தால் வெற்றி, அடிக்காவிட்டால் தோல்வி என்றே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2026 பெப்ரவரியில் அவருக்கு 36 வயது. இன்னும் எத்தனை வருடம் அவர் தோளிலேயே ஏற்றி வைப்பது?

அந்த இங்கிலாந்துப் பயணத்தின் மறுபாதியை நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். ரி20 முடிந்து வந்த ஒருநாள் தொடரில் 2-0 என்று தோற்றோம். லெஸ்டரில் 161 ஓட்ட வித்தியாசம். இருபது ஓவர் தாக்குப்பிடித்தவர்கள் ஐம்பது ஓவருக்கு நின்றுபிடிக்கவில்லை. நீண்ட நேரம் ஆடும் பழக்கமே இல்லாதவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பல நாள் ஆடும் டெஸ்டில் எங்கள் பெண்கள் இதுவரை ஆடியது ஒன்றே ஒன்று. 1998இல் கொழும்பில் பாகிஸ்தானை 309 ஓட்டங்களால் வென்றார்கள், அதோடு சரி.

அதைவிட மனதை உறுத்துவது 2020 மார்ச்சில் தொடங்கிய இடைவெளி. அவுஸ்திரேலியாவில் ரி20 உலகக் கிண்ணம் முடிந்த பிறகு, 2022 ஜனவரியில் மலேசியாவில் பொதுநலவாய விளையாட்டுத் தகுதிகாண் போட்டி வரும்வரை இந்த அணிக்கு அதிகாரபூர்வமான ஒருநாள், ரி20 சர்வதேச ஆட்டம் ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! தொற்றுக் காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் ஆண்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது, லங்கா பிரீமியர் லீக்கும் அப்போதுதான் தொடங்கியது. பெண்களுக்கு அப்படி ஒரு லீக் 2025 முடிந்தும் வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. பலமான அணிகளோடு ஐந்து ஆட்டத் தொடர்களை வருடந்தோறும் ஏற்பாடு செய்யுங்கள், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும். 5-0 என்ற முடிவைக் காட்டி இளம் வீராங்கனைகளை அடுத்த தொடரில் கழற்றி விடாதீர்கள். இரண்டாம் நிலை அணியையும் வெளிநாடுகளுக்கு அனுப்புங்கள். 2026 ஜூன் 12ஆம் திகதி எட்ஜ்பாஸ்டனில் ரி20 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டமே இங்கிலாந்தோடு எங்களுக்குத்தான். அதற்குப் பிறகும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் இருக்க வேண்டும்.

அப்புறம் எங்கள் பக்கத்து விசயம் ஒன்று. என் பாடசாலையில் பெண் பிள்ளைகள் மென்பந்து கிரிக்கெட் நன்றாக ஆடுவார்கள். கடினப்பந்து என்று வந்தால் மட்டை, கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் வேண்டும். வாங்கிக் கொடுக்க வீட்டில் வசதி இல்லை, பழக்கத் தெரிந்தவரும் இல்லை. நல்ல கையுள்ள பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையோடு மட்டையை வைத்துவிடுகிறார்கள். பெண்களுக்கு ஒரு பயிற்றுநரையும் இரண்டு மூன்று செட் உபகரணங்களையும் மாவட்டத்துக்கு அனுப்பினால், பாடசாலைகள் மாறி மாறிப் பாவித்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நட்டார்கள். அது கட்டி முடிந்ததும் முதல் வருட ஆட்டங்களில் ஒன்றைப் பெண்கள் அணிக்கு ஒதுக்குங்கள். திகதியைச் சொன்னால் போதும், என் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

அன்புடன்,
யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருத்தி