ரிசீவர் மனுப் போடுமுன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். மகளுக்குப் பொங்கோலில் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறோம். உன் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதவே இல்லையே?

சரி, ஆலை விஷயத்துக்கு வருகிறேன். ஆலைக்கு ரிசீவரை நியமிக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடலாமா என்று கேட்டிருந்தாய். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போதே உன் அண்ணன் குத்தகைப் பணம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார் என்றால் உன் கோபம் நியாயமானதுதான். ஆனால் ரிசீவர் வந்தால் உன் பங்கு கைக்கு வந்துவிடும் என்று நினைக்காதே. அவர் உன் ஆளும் இல்லை, அண்ணன் ஆளும் இல்லை, கோர்ட்டின் ஆள். தீர்ப்பு வரும்வரை சொத்தைக் காப்பாற்றி, யாருக்கு உரிமை என்று முடிவாகிறதோ அவரிடம் ஒப்படைப்பதுதான் அவர் வேலை.

லிட்டில் இந்தியாவில் நான் கணக்கு எழுதிய மளிகைக் கடையில் பங்காளிகள் இருவருக்கும் தகராறு முற்றி ரிசீவர் வந்தார். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு கணக்காளர் பெயரைக் கொடுத்தார்கள். முதல் ஆள் முன்பு ஒரு தரப்புக்கு வரிக்கணக்குப் பார்த்தவர் என்று தெரிந்ததும் அவரை ஏற்கவில்லை. இன்னொருவர் யாருக்கும் வேலை பார்த்ததில்லை, பொறுப்பேற்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் உத்தரவு வந்தது. இந்த ஊரில் பெரும்பாலும் கணக்காளர்களும் திவால் நடவடிக்கைகளில் பழகியவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். உங்கள் பக்கம் வக்கீல்களையே போடுவது வழக்கம்.

முதல் நாள் காலை அவர் உத்தரவு நகலோடு வந்து கடை முழுவதையும் படம் எடுத்தார். மிளகாய் மூட்டை, தராசு, மாவு அரைக்கும் இயந்திரம் என்று ஒன்று விடாமல் பட்டியல் போட்டுப் பங்காளிகள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். மாடியில் குடியிருந்தவர்களிடம் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்: இனி வாடகையை இந்தப் புதுக் கணக்கில்தான் கட்ட வேண்டும், யார் கேட்டாலும் கையில் தரக்கூடாது. அந்த நேர்த்தியை நான் மனதாரப் பாராட்டுவேன். பிறகு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. சின்னப் பழுதுக்கு உத்தரவிலேயே இடம் இருந்தது. கூரையை மாற்றுவது பெரிய செலவு, அதற்குக் கோர்ட்டில் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி வரும்வரை மாடிப்படியில் வாளிதான். அப்புறம் அவருடைய கட்டணம். அதுவும் வாடகையிலிருந்துதான் போனது. சொத்து சின்னதாக இருந்தால் சண்டை முடிவதற்குள் வருமானத்தில் பாதி இதிலேயே கரைந்துவிடும். உன் ஆலைக் குத்தகை எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடு.

உங்கள் ஊர்ச் சட்டம் 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம், 40-ஆம் ஆணை. ரிசீவர் கோர்ட் கேட்கும் பிணை தரவேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், வேண்டுமென்றே செய்த தவறாலோ பெரும் அலட்சியத்தாலோ நஷ்டம் வந்தால் அதற்கு அவரே பொறுப்பு. கணக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தால் அவர் சொத்தையே ஜப்தி செய்ய கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இது நல்ல பாதுகாப்புதான். ஆனால் அவரை நியமிக்க வைப்பதே பெரிய காரியம். 1955-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஒரு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஐந்து நிபந்தனைகளை வைத்தது. வக்கீல்கள் ‘பஞ்ச சதாசாரம்’ என்பார்கள், உன் வக்கீலுக்கும் மனப்பாடமாக இருக்கும். அதில் உனக்கு இடிக்கிற இடம் ஒன்று உண்டு: சொத்தை ஏற்கெனவே கையில் வைத்து அனுபவிப்பவரிடமிருந்து வழக்கின் நடுவிலேயே பறிக்கக் கோர்ட் எளிதில் சம்மதிக்காது. சொத்து வீணாகிறது, பணம் கரைகிறது, உடனே தடுக்காவிட்டால் ஈடு கட்ட முடியாது என்று நீ காட்ட வேண்டும். கேட்பவர் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். போன வருடம் அண்ணனுக்குச் சொல்லாமல் ஆலையிலிருந்து இயந்திரம் ஒன்றை எடுத்து வந்தாயே, அதை அவர் வக்கீல் கண்டிப்பாக எடுத்து வைப்பார். முதலில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்.

குத்தகைதாரர் பத்திரப்படி இருக்கிறார் என்றால் ரிசீவர் வந்தாலும் அவரைக் கிளப்ப முடியாது. அவரை வெளியேற்ற உனக்கே இப்போது உரிமை இல்லாதபோது ரிசீவருக்கு மட்டும் எப்படி வரும்?

என் யோசனை இது. நேராக ரிசீவர் கேட்காதே. வழக்கு தொடங்கிய நாளிலிருந்து வந்த குத்தகைக்கு அண்ணன் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், இனி வரும் பணத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்று மட்டும் கேள். அண்ணன் அந்த உத்தரவை மீறினால் ரிசீவர் கேட்க அதைவிட வலுவான காரணம் வேண்டாம். அந்த நிலை வந்தால் இருவருக்கும் உறவோ கடனோ இல்லாத ஒருவர் பெயரைக் கொடு. உன் மைத்துனர் பெயரை மட்டும் கொடுத்துவிடாதே.

மனு நகல் தயாரானதும் எனக்கு அனுப்பு, கணக்குப் பகுதியை நான் பார்த்துத் தருகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்,
இராமநாதன்
சிங்கப்பூர்