பாப்பாவின் முன்பல்

அன்புள்ள மகளுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பாப்பா நடுவில் வந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள், எனக்கும் வாய் வராமல் போய்விடும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. வேறு செய்தி ஒன்றுமில்லை.

நேற்று நீ இணையத்தில் போட்டிருந்த பாப்பாவின் படத்தைப் பார்த்தேன். சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு விரலால் பெரிதாக்கினேன். பெயர், வகுப்பு, பள்ளியின் சின்னம், உன் போன் நம்பர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து தெரிகிறது. எழுபதை நெருங்கும் என் கண்ணுக்கே தெரிகிறதம்மா.

கோபித்துக்கொள்ளாதே. நான் உன்னை வளர்த்ததைவிட நீ அவளை நன்றாக வளர்க்கிறாய், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் இரவில் வாசல் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறவள் இதை எப்படி விட்டாய்? கேமராவில் இருப்பிடத்தை அணைத்து வை. இல்லாவிட்டால் எந்த இடத்தில் எடுத்தது என்பது படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். கோப்பாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். உன் கணக்கை, தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்று. 13 வயது ஆகாதவர்களுக்குக் கணக்கே கிடையாது என்று பெரும்பாலான தளங்கள் விதி வைத்திருக்கின்றன. நாமோ பிறந்த அன்றே அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம்.

1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. அதைப் படித்ததும் எனக்கு உன் நினைவு வரவில்லை. என் நினைவுதான் வந்தது.

முன்பல் விழுந்த அன்று கண்ணாடி முன் நின்று அழுதாளே, எனக்கு மட்டும் என்று போன மாதம் நீ அனுப்பிய வீடியோ, அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் நான் போட்டுவிட்டேன். பேத்தி என்ற பெருமை. உன்னைக் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர், நாம் வீட்டில் மட்டும் கூப்பிடும் அந்தப் பெயரைச் சொல்லி, "உங்கள் பேத்திதானே? பல் முளைத்துவிட்டதா?" என்று கேட்டார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனாலும் எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து அழிக்கப் பார்த்தால், எல்லோரிடமிருந்தும் அழிப்பதற்கான நேரம் எப்போதோ கடந்திருந்தது. குழுவில் 46 பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அழித்துவிட்டோம் என்கிறார்கள். அதற்கு முன் யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்பது அவர்களுக்கே ஞாபகமில்லை.

இத்தனை நாள் உன்னிடம் இதை மறைத்துவிட்டேன். திட்ட வேண்டுமென்றால் திட்டு. அதற்கு முன் அந்த அடையாள அட்டைப் படத்தை எடுத்துவிடு, இருப்பிடத்தையும் அணைத்து வை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பாப்பாவிடம் போனைக் கொடு. அவள் அழுததை ஊருக்குக் காட்டியது பாட்டிதான் என்று நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா