அழுகிறவரை அதட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சட்டென்று கண் கலங்குபவரைக் கோழை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது பெரிய அநியாயம்.

மனம் நெகிழும்போது, மேல் இமையின் வெளிஓரத்துக்கு மேலே இருக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கு மூளையிலிருந்து நரம்பு வழியே கட்டளை போகிறது. சாதாரணமாகக் கண்ணில் சுமார் 7 மைக்ரோலிட்டர் கண்ணீர்தான் நிற்கும். ஏறக்குறைய 30-ஐத் தாண்டினால் கன்னத்தில் வழியும். இமைகளின் உள்மூலையில் உள்ள நுண்துளைகள் வழியாக ஒரு பங்கு மூக்குக்குள் இறங்குவதால்தான் அழும்போது மூக்கும் ஒழுகுகிறது. இதை யாரும் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது.

பருவ வயதுக்கு முன் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை அழுகையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஹார்மோன், வளர்ப்பு, சுபாவம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆள் மாற்றிவிடுகின்றன. தூக்கம் கெட்டாலும் அழுகை எளிதில் வரும்.

முக்கியமாக ஒன்று. பக்கவாதம் வந்த சிலர், வருத்தமே இல்லாதபோதும் திடீரென்று தேம்பி அழுவார்கள். சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். வீட்டார் இதை மனச்சோர்வு என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். உணர்ச்சி வெளிப்பாட்டுக்குக் கடிவாளம் போடும் மூளைப் பாதை சேதமடைந்ததன் விளைவு அது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்து உண்டு.

பிரசவமான சில நாளில் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்