‘குடும்பப் பிரச்சினை’ என்று எழுதி மூடிய கோப்புகள்: உள்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் நிலைய எழுத்தராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் ‘174 கேஸ்’ என்று சொல்லிப் பழகிய, இன்று புதிய சட்டத்தில் 194-ஆம் பிரிவாகிவிட்ட தற்கொலை வழக்குகளின் பிரேத விசாரணை அறிக்கைகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆய்வாளர் சொல்லி எழுதியது பாதி. பழக்கத்தில் கை தானாக எழுதியது மீதி. ஆண் என்றால் ‘தீராத வயிற்று வலி’. பெண் என்றால் ‘குடும்பப் பிரச்சினை காரணமாக மனமுடைந்து’.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டோர் 19,834 பேர். இலட்சம் பேருக்கு 25.9 என்ற நம் விகிதம், 12.4 என்ற தேசிய விகிதத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். நாடு முழுவதற்குமான காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினை 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு, போதைப்பொருளும் குடிப்பழக்கமும் சேர்ந்து 6.8 விழுக்காடு. இந்தக் கடைசி எண்ணைக் காட்டி மதுவின் பங்கு சிறியதுதான் என்று வாதிடுவோரிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றே: அந்த எண் உருவான கைகளில் என் கையும் ஒன்று.

ஒரு சாவுக்கு ஒரு காரணம்தான் கணக்கில் ஏறும். குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டு, வலி பொறுக்காமல் உயிரை விட்டவர் நோயாளிகள் பட்டியலில் சேர்ந்துவிடுவார். குடிகாரக் கணவனோடு வாழ முடியாமல் இறந்த மனைவியோ ஒரு சொட்டும் குடித்தவர் அல்லர் என்பதால், குடிப்பழக்கம் என்ற கட்டத்தில் அவர் பெயர் வரவே வழியில்லை. நாட்டில் தற்கொலை செய்துகொள்ளும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லத்தரசிகள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன்.

ஒரு வீடு இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. திருமணமாகிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததால் கோட்டாட்சியர் விசாரணை தேவைப்படவில்லை. எல்லாம் எங்கள் நிலையத்தோடு முடிந்தது. அந்த அம்மாளின் டிரங்குப் பெட்டியில் குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் அடகுக்கடை ரசீதுகள் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன: முதலில் வளையல், பிறகு தோடு, கடைசியாகக் குத்துவிளக்கு. திண்ணையில் உட்கார்ந்திருந்த கணவரிடம் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டேன். காலையிலிருந்து குடிக்காததால் நடுங்கிய விரல்களில் பேனா நிற்கவில்லை. பெருவிரல் ரேகை எடுத்துக்கொண்டேன். “புள்ளைங்க இருக்குதுங்கய்யா, குடும்பத் தகராறுன்னே போட்டுக்குங்க” என்றார் பஞ்சாயத்தாராக வந்திருந்த பெரியவர். அப்படியே போட்டேன். ரசீதுகளையோ நடுக்கத்தையோ குறிக்க அந்தப் படிவத்தில் இடமில்லை. அதே அம்மாள் அதற்குச் சில மாதங்கள் முன்பு கொடுத்த மனுவின் மீது, ‘இனிமேல் குடிக்க மாட்டேன்’ என்று அவர் கணவரிடம் எழுதி வாங்கி அனுப்பியதும் எங்கள் நிலையம்தான். நாளெல்லாம் குடித்துப் பழகிய உடம்பு எழுதிக் கொடுத்ததால் நிறுத்திவிடாது என்பதும், மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதும் எங்களில் யாருக்கும் அன்று தெரியாது.

சோவியத் ஒன்றியத்தில் 1985-இல் கோர்பச்சேவ் மது விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது ஆண்களின் தற்கொலை விகிதம் வேகமாகச் சரிந்தது. கூடவே வீட்டுக்கு வீடு காய்ச்சுவதும் பெருகியது. கள்ளச்சாராயம் என்ன செய்யும் என்பதை நாமும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கண்டோம். ஆகவே கடைகளை மூடுங்கள் என்று ஒற்றை வரியில் கேட்க நான் வரவில்லை. 2023 ஜூனில் அரசே 500 கடைகளை மூடியது. அதனால் எத்தனை வீடுகளில் சாவு தவிர்ந்தது என்பதை அறிய நம்மிடம் கணக்கு இல்லை என்பதே என் குறை. மது விற்பனையால் 2022-23-இல் கிடைத்த 44,121 கோடி ரூபாய் வருவாய்க்குச் சட்டப்பேரவையில் கணக்கு வைக்கப்படுகிறது. அந்த வருவாயும், சாவை விசாரிக்கும் காவல்துறையும் தங்கள் ஒரே துறையின்கீழ் வருவதால், இந்தக் கணக்கைக் கேட்க வேறு வாசல் எனக்குத் தெரியவில்லை.

தற்கொலை வழக்குகளின் விசாரணைப் படிவத்தில் இறந்தவருக்கு மட்டுமன்றி, அந்த வீட்டில் யாருக்கேனும் குடிப்பழக்கம் உண்டா, அதற்குச் சிகிச்சை பெற்றதுண்டா, முன்னர் மனு எதுவும் கொடுக்கப்பட்டதா என்பதையும் குறிக்க இடம் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைப் பதியவும் அனுமதி வேண்டும். குடிகாரக் கணவர் மீது மகளிர் காவல் நிலையத்துக்கு மனு வரும்போது, எழுதி வாங்கி அனுப்புவதோடு நிறுத்தாமல், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அவரை அனுப்பிவைத்த விவரம் மனு ரசீதிலேயே இருக்க வேண்டும். மனு கொடுத்த பெண்ணின் கையில் 104, 14416 ஆகிய ஆலோசனை எண்களை அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தங்கள் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். புதிய படிவத்தை நிரப்ப நிலைய எழுத்தர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் பெறாமல் வந்து சொல்லிக்கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காவல் நிலைய எழுத்தர் ஒருவர்