அழுத்தித் தேய்த்தால் வடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் நிணநீர் பற்றி, அதாவது திசுக்களிலிருந்து தனி நாளங்களில் வடியும் நீர் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். வீங்கிய கையை விரல்நுனியிலிருந்து மேல்நோக்கி அழுத்தித் தேய்த்தால் நீர் வடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏழு வாரம் செய்து கையைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் என் இடது அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களை, அந்த நீர் கடந்து செல்லும் சிறு முடிச்சுகளை, எடுத்துவிட்டார்கள். எட்டாவது மாதம் கைக்கடிகார வார் இரண்டு துளை தள்ளிப் போனது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் தினமும் கையைப் பிழிந்தேன். கனம் கூடியதுதான் மிச்சம்.

பிறகு பார்த்த இயன்முறை மருத்துவர் முதலில் அந்தக் கையைத் தொடவே இல்லை. காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் விரல் வைத்துத் தோலை மட்டும் மெல்ல இழுத்து விட்டார். அடுத்து, நன்றாக இருக்கும் வலது அக்குள். எனக்குக் கோபமே வந்தது. “முன்னால் இருப்பது வழிவிட்டால்தானே அம்மா பின்னால் இருப்பது நகரும்?” என்றார்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகே விளங்கியது. நிணநீர்த் தந்துகி என்னும் மிக நுண்ணிய நாளம் ஒரு முனை மூடிய குழாய். அதன் சுவரில் செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. நுண்ணிழைகள் இந்தச் செல்களை அருகிலுள்ள திசுவோடு பிணைக்கின்றன. திசுவில் நீர் பெருகினால் இழை இழுபட்டு இடுக்கு திறக்கிறது. உள்ளே போன நீர் திரும்பி வராதபடி செல்களே கதவாக மூடிக்கொள்கின்றன. தோலை மெல்ல இழுத்தாலும் இதே இழைதான் இழுபடுகிறது. முரட்டுத்தனமாக அழுத்தினால் நாளமே நசுங்கிப்போகும்.

அதற்கப்பால் வால்வுள்ள பெரிய நாளங்கள். இவற்றைத் தள்ள இதயம் இல்லை. இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் தானே சுருங்கி அடுத்ததற்குத் தள்ளுகிறது. நடையும் ஆழ்ந்த மூச்சும் துணை செய்கின்றன. இப்படி ஒரு நாளில் 2 முதல் 3 லிட்டர் வரை கழுத்தடிச் சிரைகளில் சேர்ந்து இரத்தத்துக்கே திரும்புகிறது. புரதமும் அதோடு போகிறது. அதைப் போய் ‘கழிவுநீர்’ என்று எழுதலாமா?

இன்னொன்று. வீங்கிய கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் எந்தத் தேய்ப்பும் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வரி கட்டுரையில் இல்லை. திருத்தம் வெளியிடும்போது இதையும் சேருங்கள்.

இப்போது பகலில் அழுத்த உறை அணிகிறேன். அது தேய்ப்பதில்லை, தசை உந்தும்போது வெளியே சுவர்போல நிற்கிறது. கடிகார வார் ஒரு துளை திரும்பி வந்திருக்கிறது. மற்றது இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்