இரண்டாம் பாடத்தை எப்போது நடத்துவீர்கள், சார்?

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயாவுக்கும், பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் சாருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை வகுப்பில் நடந்தது உங்கள் இருவருக்கும் தெரியும். யார் மகள் என்பதும் தெரியும். அதனால் பேர் போடாமலே எழுதுகிறேன்.

முதல் பாடம் முடிந்ததும் ‘மனித இனப்பெருக்கம்’, ‘இனப்பெருக்க நலன்’ இரண்டையும் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு நேராக மரபியலுக்குப் போய்விட்டீர்கள். சரி, என் மகளும் படித்தாள். படித்ததில் ஒரு சந்தேகம் வர, எழுந்து கேட்டாள். எங்கள் வீட்டில் மூன்று கறவை மாடு. பருவத்துக்கு வந்துபோன ஒன்றிரண்டு நாளில் சில சமயம் மாட்டின் வாலில் கொஞ்சம் ரத்தம் ஒட்டியிருக்கும். “அதுவும் நமக்கு வருகிற மாதவிடாயும் ஒன்றா சார்?” இவ்வளவுதான் கேள்வி. பின் பெஞ்சில் சிரித்திருக்கிறார்கள். அவர்களை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. “இதையெல்லாம் உங்க அம்மாகிட்ட கேளு” என்று இவளைத்தான் உட்கார வைத்தீர்கள். அன்று சாயங்காலம் பஸ் ஏறும்வரை பையன்கள் அவளைப் பார்த்து மாடு மாதிரி கத்தியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனவள் திரும்பி வந்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள்.

நீங்கள் சொன்னபடி அம்மாவிடமும் கேட்டாள். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்கும் இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. என் அம்மா சொன்னது ஒரே வரி, “அது கெட்ட ரத்தம்.” இவள் பெரிய மனுஷி ஆனபோது நானும் அதையேதான் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை சினை ஊசி போட வந்த மாட்டு டாக்டர்தான் பதில் சொன்னார், தோள்வரை போட்டிருந்த உறையைக் கழற்றிக்கொண்டே. மாட்டுக்கு, பருவம் முடிந்த பிறகு கருப்பை உள்சுவரின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிகின்றன, சுவர் உரிவதில்லை. மனுஷிக்கு, முட்டை வெளியேறி கரு தங்கவில்லை என்றால் சுமார் 14 நாள் கழித்து, கருவைத் தாங்கத் தடித்திருந்த உள்சுவரே உரிந்து ரத்தத்தோடு வருகிறது. கெட்ட ரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர், மாமியார், பால் எடுக்க வந்த பையன் எல்லாரும் நின்று கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் மாடு பருவத்துக்கு வருகிற 21 நாள் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. நஞ்சுக்கொடி விழுந்ததா என்று தெருவில் நின்று சத்தமாக விசாரிப்போம். மனுஷிக்கு 28 நாள் கணக்கு என்று வகுப்பில் சொல்லத்தான் வாய் கூசுகிறது. கேட்பது என் மகளாக இல்லாமல் மாடாக இருந்தால் பதில் கிடைத்திருக்குமோ என்னவோ.

அப்புறம், மரபியலை மட்டும் எப்படி நடத்துவீர்கள்? பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்து செல் எக்ஸ் குரோமோசோம் கொண்டுவருகிறதா, ஒய் கொண்டுவருகிறதா என்பதைப் பொறுத்தது என்று அதில்தானே வருகிறது? விந்து செல் என்று சொல்லாமலே தாண்டிவிடுவீர்களா? இரண்டும் பெண்ணாகப் பெற்றதற்கு நான் பதினேழு வருஷமாகப் பேச்சு வாங்குகிறேன். பேசியவர்களில் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கும் யாரோ ஒரு சார் “வீட்டில் படித்துக்கொள்” என்று சொல்லியிருப்பார்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

பொதுத்தேர்விலும் நீட்டிலும் இந்தப் பாடங்களிலிருந்து கேள்வி வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தயவுசெய்து இரண்டாம் பாடத்தையும் மூன்றாம் பாடத்தையும் நடத்துங்கள். பெண்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு டீச்சரை வைத்துப் பேசி முடித்துவிட வேண்டாம். சிரித்த பையன்களும் உட்கார்ந்திருக்கட்டும். அவள் கேட்ட கேள்விக்கு அதே வகுப்பில் நீங்களே பதில் சொல்லுங்கள். பதிலை மேலே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா