மூன்றாம் ஆண்டில் சேர்கிறேன், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான், அவர், குட்டி மூவரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் போய்க் காட்டு.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைச் சொன்னதும் போனிலேயே அழுதுவிட்டாய். மறுநாள் பெரியம்மா, "இவ்வளவு நாள் ஏதோ சின்ன காலேஜில்தானே படித்தாள், அங்கிருந்து அவ்வளவு பெரிய இடத்தில் எப்படி எடுத்தார்கள்?" என்று கேட்டாராமே. போனில் சொன்னால் பாதிதான் புரியும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியம்மாவுக்கும் படித்துக் காட்டு.

நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்கிறார்கள் இல்லையா? இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் இரண்டு வருடப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மட்டும் இந்த மாதிரி 116 காலேஜ்கள் இருக்கின்றன. கட்-ஆஃப் கிடையாது, நன்கொடை கிடையாது. நான் படித்த டி ஆன்சா காலேஜில் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 31 டாலர்தான். பாடத்தின் அளவை யூனிட்டில்தான் கணக்கிடுவார்கள், ஒரு பாடம் நான்கைந்து யூனிட் வரும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே சேர்ந்திருந்தால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

1960இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு திட்டம் போட்டது. அப்போது கிளார்க் கெர் என்பவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். நான் சேரும் பெர்க்லியும் அதன் வளாகங்களில் ஒன்றுதான். பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம், மூன்றில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு ஸ்டேட் காலேஜ்கள், மற்றபடி யார் வந்தாலும் கம்யூனிட்டி காலேஜ் என்று பிரித்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் ஒரு பிள்ளை பதினேழு வயதில் வாங்கிய மார்க்கே அதன் தலையெழுத்தாகியிருக்கும். அப்படி ஆகக் கூடாது என்றுதான் மேல் வகுப்புகளில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இடம் விட்டு வைத்தார்கள். இரண்டு பேரை முதலாம் ஆண்டில் சேர்த்தால் டிரான்ஸ்ஃபரில் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்பது இன்றைக்கும் அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. யாரும் இரக்கப்பட்டு என்னைக் கொல்லைப்புறமாக உள்ளே விடவில்லை அம்மா. இது சட்டம் போட்டுத் திறந்து வைத்த வாசல். பி.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணமாகிப் போன பெண்ணும் நுழையலாம் என்று இருக்கும் வாசல்.

நுழைவது சுலபம் என்று நினைத்துவிடாதே. அசிஸ்ட் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. காலேஜையும் பல்கலைக்கழகத்தையும் படிப்பையும் தேர்ந்தெடுத்தால் பக்கம் இரண்டாகப் பிரிந்து வரும். இடது பக்கம் பெர்க்லியில் கணிதம் படிக்கத் தேவையான பாடங்கள். வலது பக்கம் அதற்கு ஈடாக டி ஆன்சாவில் எதைப் படிக்க வேண்டும் என்பது. கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன், லீனியர் அல்ஜீப்ரா என்று வரிசையாக இருக்கும். சில இடங்களில் வலது பக்கம் "ஈடான பாடம் இல்லை" என்று வெறுமையாக நிற்கும். அந்தத் தாளை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும். ஒரு டெர்மில் இடம் கிடைக்காமல் போனால் பின்னால் வருகிற அத்தனையும் தள்ளிப்போகும். அதனால் பதிவு திறக்கிற அன்று காலையில் எனக்கு அடுப்பில் கவனம் இருக்காது, அவர்தான் பார்த்துக்கொள்வார்.

டெர்ம் மூன்று மாதம்கூட இல்லை. மூச்சு விடுவதற்குள் மிட்டெர்ம் வந்து நிற்கும். கால்குலஸ் வகுப்பில் என் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர் உட்காருவார், நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு விடையையும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு அடைப்பார். முன் வரிசையில் இன்னும் ஹைஸ்கூல் முடிக்காத பையன். எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே கேள்வித்தாள். வகுப்பு முடிந்தபின் ஆசிரியரின் அறைக்கே போய்ச் சந்தேகம் கேட்கலாம். அதற்கென்றே நேரம் ஒதுக்கிக் கதவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். என் ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சப்பட்டதெல்லாம் அந்த அறையில்தான் போயிற்று. பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும், மேலே அவர்களே பேசுவார்கள்.

நம் ஊர்க் கல்லூரி மார்க் ஷீட்டுக்காக உன்னை அலைய விட்டேனே, அதற்கும் காரணம் இருக்கிறது. உலகத்தில் எந்தக் காலேஜில் படித்திருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது என்பது விதி. நீ அந்த ஆபீஸ் வாசலில் நின்று முத்திரை வைத்து வாங்கி அனுப்பிய உறை இல்லாவிட்டால் கிடைத்த இடமும் நிலைக்காது.

விண்ணப்பத்துக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டாம். நுழைவுத் தேர்வும் இல்லை. காலேஜ் மார்க்கும், நான்கு கேள்விகளுக்குத் தலா 350 சொற்களுக்குள் எழுதும் பதிலும்தான். எடுத்துக்கொள்ளப் போகும் படிப்புக்கு எப்படித் தயாரானாய் என்ற கேள்வியை விட முடியாது, மற்ற மூன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். கல்லூரியை விட்டபிறகும் மளிகைக் கடைக் கணக்கை நான்தான் பார்த்தேன் என்பதையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததையும் எழுதினேன்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிஸ் உட்பட ஆறு வளாகங்கள், சொன்ன மார்க்கும் பாடங்களும் இருந்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. அதில் ஒன்றுக்குத்தான் போடலாம், நான் டேவிஸுக்குப் போட்டு வைத்தேன். பெர்க்லி அந்த உறுதியைத் தருவதில்லை. அங்கே ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஏப்ரல் கடைசிவரை காத்திருந்தேன். பட்டம் வாங்கும்போது மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழ்தான் எனக்கும். இதைப் பெரியம்மாவிடம் அழுத்திச் சொல்.

ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்குகிறது. பெர்ரியெசா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மாறாமல் டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கலாம், ஒரு மணி நேரம்போல ஆகும். குட்டியைக் காலையில் அவர் பள்ளியில் விடுவார், மாலையில் நான் கூட்டி வருவேன். தமிழும் கற்பிக்கிற பல்கலைக்கழகம் என்று அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

சித்தி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், படிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்றாயே. கல்யாணம் நிச்சயமானாலும் இந்த செமஸ்டர் பரீட்சையை எழுதிவிடச் சொல். மார்க் ஷீட்டையும் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சித்தி ஏதாவது சொன்னால் நான் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறேன்.

உன் அன்பு மகள்